பேண்ட்டில் 32, டேப்பில் 34: துணி சைஸும் இடுப்பளவும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர் மார்க்கெட் பக்கம் ஆல்டரேஷன் தையல் கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் துணி எடுத்து வந்து தைக்கச் சொல்வார்கள். இப்போது வருவது அதிகமும் ரெடிமேட்தான். ஆன்லைனில் வாங்கிப் பொருந்தாமல் போன பேண்ட், திருப்பூர் சர்ப்ளஸ் டீ-சர்ட், வெளிநாட்டுப் பிள்ளை அனுப்பிய ஜாக்கெட், ஊட்டி திபெத்தியர் மார்க்கெட்டில் வாங்கிய ஸ்வெட்டர். லேபிளைக் காட்டிக் கேட்கும் கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கையில் ஒரு டேப் இருந்தால் படித்துக்கொண்டே அளந்து பாருங்கள்.

என் இடுப்பு 32 இஞ்ச். 32 சைஸ் பேண்ட்தான் வாங்கினேன். ஒன்று இறுக்குகிறது, இன்னொன்று நழுவுகிறது. ஏன் அக்கா?

இரண்டு காரணம். நீங்கள் டேப் வைத்த இடமும் பேண்ட் உட்காரும் இடமும் ஒன்றாக இல்லாமல் இருக்கலாம். அதை அடுத்த பதிலில் சொல்கிறேன். இன்னொன்று, லேபிளில் 32 என்று போட்டிருந்தாலும் இடுப்புப்பட்டி 32 இஞ்ச் இருக்கும் என்று நிச்சயமில்லை. கடையில் நான் அளந்தவற்றில் 33, 34 எல்லாம் வந்திருக்கிறது. சின்ன நம்பர் பொருந்தினால் வாங்குகிறவர் மனசுக்குச் சந்தோஷம் என்று பல கம்பெனிகள் நம்பரைக் குறைத்தே போடுகின்றன. இதற்கு வியாபாரத்தில் ‘வேனிட்டி சைஸிங்’ என்று பெயர்.

ஒரே கம்பெனியின் ஒரே நம்பரில் இரண்டு பேண்ட்கூட ஒத்துப்போகாது. துணியை அடுக்கடுக்காகப் போட்டு ஒரேயடியாக வெட்டுகிறார்கள். மேல் அடுக்குக்கும் அடி அடுக்குக்கும் கத்தி கொஞ்சம் விலகும். ஜீன்ஸ் என்றால் தைத்த பிறகு வாஷிங் போகும்போது ஒவ்வொன்றும் ஒரு மாதிரி சுருங்கும். அரை இஞ்ச் முன்னே பின்னே இருப்பதைத் தொழிலில் யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

இடுப்பு என்றால் சரியாக எந்த இடம்?

பாதிக் குழப்பம் இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. புடவை கட்டுகிறவருக்கு உள்பாவாடை நாடா முடியும் இடம் இடுப்பு. பழைய மாடல் பேண்ட் போட்ட தாத்தாவுக்குத் தொப்புளை ஒட்டிய இடம். இன்றைய ஜீன்ஸ் அதற்கும் மூன்று நாலு விரல் கீழே உட்காருகிறது. டாக்டர் அளப்பது இவை எதையும் இல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப் வைப்பார்.

ஒல்லியான பெண் ஒருத்தி, ஹோட்டல் வேலையில் சேர முதல் முறையாக பேண்ட் வாங்கி வந்தாள். சுடிதாருக்கு அளந்த இடத்திலேயே அளந்து, 28 என்று ஆர்டர் போட்டிருந்தாள். தொப்புளுக்கு மேலே 28 சரிதான். ஆனால் அந்த பேண்ட் உட்காரும் இடத்தில் அவளுக்கு 31½. பட்டன் எப்படி மாட்டும்? நாளைக்கு டியூட்டி என்று கண் கலங்கி நின்றாள். உள்ளே விட்டிருந்த துணியைப் பிரித்துக் கொஞ்சம், பட்டனை நகர்த்திக் கொஞ்சம் என்று அன்றைக்குச் சமாளித்தோம். அதற்குப் பிறகு யார் வந்தாலும் முதலில் இதைத்தான் கேட்கிறேன்: “இதை எந்த இடத்தில் போடப்போகிறீர்கள்? விரல் வைத்துக் காட்டுங்கள்.”

ஆண்களிடம் இது தலைகீழாக நடக்கும். “இருபது வருஷமாக 36தான், ஏறவே இல்லை” என்று ஒரு அண்ணன் சொன்னார். உண்மைதான், பேண்ட் 36தான். ஆனால் அது வயிற்றுக்கு அடியில் இறங்கி உட்கார்ந்திருந்தது. டாக்டர் அளக்கும் இடத்தில் டேப் வைத்தால் 41 இஞ்ச், அதாவது 104 செ.மீ. இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் சர்க்கரை, இதய நோய் பற்றி யோசிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பேண்ட் நம்பரை நம்பி அவர் நிம்மதியாக இருந்துவிட்டார். சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை, சொன்னேன். தையல்காரி சொல்கிற விஷயமா என்று யாராவது நினைத்தாலும் பரவாயில்லை, டேப் என் கையில்தானே இருக்கிறது.

டேப்பை எப்படிப் பிடித்து அளக்க வேண்டும்?

மலையில் இருக்கும் நமக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு: யாரும் ஒற்றை உடையில் வருவதில்லை. தேயிலை பறிக்கப் போகிற அக்காமார் புடவைக்கு மேலே சட்டை, அதற்கு மேலே இடுப்பில் பிளாஸ்டிக் ஷீட் என்று வருவார்கள். அதன் மேலேயே அளந்தால் இரண்டு மூன்று இஞ்ச் தாராளமாகக் கூடும். குளிராக இருந்தாலும் ஸ்வெட்டரையும் தெர்மலையும் கழற்றிவிட்டு, மெல்லிய துணி மேல் அளக்க வேண்டும்.

நேராக நின்று, மூச்சை இயல்பாக வெளியே விட்டு, அப்போது அளவு எடுங்கள். வயிற்றை எக்கக் கூடாது. டேப் முன்னாலும் பின்னாலும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்றால் தெரியும். உள்ளே ஒரு விரல் நுழைகிற இடம் விட்டால் போதும். அப்புறம் உட்கார்ந்து இன்னொரு முறை அளந்து பாருங்கள். ஒன்றிரண்டு இஞ்ச் கூடும். நாள் முழுக்க நாற்காலியிலோ வண்டி சீட்டிலோ இருப்பவர் உட்கார்ந்த அளவையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

டேப்பையும் ஒருமுறை சோதியுங்கள். பழைய டேப் இழுபட்டு நீண்டிருக்கும். ஸ்டீல் ஸ்கேல் பக்கத்தில் வைத்து 12 இஞ்ச் 12 இஞ்ச்தானா என்று பார்த்துவிடுங்கள்.

அளக்கவே தெரியவில்லை. வேறு வழி உண்டா?

உண்டு, அதுதான் எனக்குப் பிடித்த வழியும். நன்றாகப் பொருந்துகிற பேண்ட் ஒன்று வீட்டில் இருக்கும். பட்டன் போட்டு, கட்டில் மேல் விரித்து, சுருக்கம் நீவிவிட்டு, இடுப்புப்பட்டியை ஓரத்திலிருந்து ஓரம் வரை அளங்கள். 16½ வந்தால் சுற்றளவு 33. எலாஸ்டிக் கலந்த துணியை இழுக்காமல் அளங்கள். அப்படியே தொடையின் அகலம், கவட்டிலிருந்து பாதம் வரை உள் நீளம், கவட்டிலிருந்து இடுப்புப்பட்டி வரை முன் உயரம், இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பேண்ட் இடுப்பில் எங்கே உட்காரும் என்பதை அந்த முன் உயரம்தான் தீர்மானிக்கிறது. இடுப்பளவை எல்லோரும் பார்க்கிறார்கள், முன் உயரத்தை யாரும் பார்ப்பதில்லை. உங்கள் நல்ல பேண்ட்டில் 11 இஞ்ச் இருந்து, புதிதில் 9 என்றால், நம்பர் ஒன்றானாலும் அது வேறு பேண்ட்.

இஞ்சுக்கும் செ.மீ.-க்கும் மனக்கணக்கு?

ஒரு இஞ்ச் 2.54 செ.மீ. கடையில் நிற்கும்போது 10 செ.மீ.-க்கு 4 இஞ்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிகக் கொஞ்சம்தான் பிசகும். 80 செ.மீ. என்றால் 32-க்கு அரை இஞ்ச் குறைவு, 90 என்றால் முப்பத்தைந்தரைக்குப் பக்கம்.

ஜீன்ஸில் டபிள்யூ 32, எல் 34 என்று இருக்கிறதே?

டபிள்யூ இடுப்பு, எல் உள் நீளம், இரண்டும் இஞ்ச். இந்த ‘எல்’ என்ற எழுத்தை ‘லார்ஜ்’ என்று நினைத்து ஒதுக்கிவிட்டுப் போனவர்கள் உண்டு. நீளம் அதிகமானால் கவலை வேண்டாம், வெட்டி மடித்துக்கொள்ளலாம்.

ஜெர்மனியிலிருந்து பையன் ஜாக்கெட் அனுப்பினான், 52 என்று போட்டிருக்கிறது. அது யானைக்குத்தானே பொருந்தும்?

கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது படகர் ஊரிலிருந்து, வந்த பெரியவர் கேட்டது. பிரித்துச் சின்னதாக்கச் சொல்லிக் கவரோடு நீட்டினார். நல்லவேளை, கத்தரி வைக்குமுன் போட்டுப் பார்க்கச் சொன்னேன். உள்ளே கம்பளி ஸ்வெட்டரோடு அளவெடுத்தது போல இருந்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டு அதைக் கழற்றவே இல்லை, அப்படியே பஸ் ஏறினார்.

ஐரோப்பாவில் ஆண்கள் ஜாக்கெட் நம்பர் என்பது மார்புச் சுற்றளவு செ.மீ.-இல் பாதி. 52 என்றால் 104 செ.மீ. அதைத் தோராயமாக இஞ்சாக்கிப் பார்க்கச் சுலப வழி: 10 கழித்துவிடுங்கள். 52 என்றால் நம்ம 42, 48 என்றால் 38. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆண்கள் கோட் நம்பர் நேராக இஞ்ச்தான், அதனால் அங்கே குழப்பமில்லை. ஐரோப்பிய பேண்ட்டுக்கு 16 கழிக்க வேண்டும்: 48 போட்டிருந்தால் இடுப்பு 32, 50-க்கு 34.

பெண்கள் உடையில் 6, 10, 38 என்று ஒரே லேபிளில் மூன்று நம்பர். எது உண்மை?

மூன்றும் ஒரே சைஸ்தான், மூன்று நாட்டுக் கணக்கு. பிரிட்டனில் 10 என்பது அமெரிக்காவில் 6, ஜெர்மனியில் 36, பிரான்ஸில் 38, இத்தாலியில் 42. ஒரு சைஸ் ஏறினால் எல்லாவற்றிலும் 2 கூடும். ஆண்கள் நம்பர் மாதிரி இல்லை, இவற்றுக்கு இஞ்சோடு தொடர்பே கிடையாது. அமெரிக்காவில் பூஜ்ஜியம் சைஸ்கூட இருக்கிறது. பூஜ்ஜியம் இஞ்ச் இடுப்பு யாருக்கு இருக்கும்?

வெறுமனே ‘ஈயூ 38’ என்று போட்டிருந்தால் கவனம். ஜெர்மனிக் கணக்கில் போட்டிருந்தால் ஒரு சைஸ் பெரிது, பிரெஞ்சுக் கணக்கானால் ஒரு சைஸ் சிறிது. ஐரோப்பாவில் இ.என். 13402 என்று ஒரு தரநிலை இருக்கிறது. ஒரு மனித உருவம் வரைந்து, மார்பு, இடுப்பு, சீட் (பின்புறச் சுற்றளவு) எவ்வளவு செ.மீ. உடம்புக்கு இந்த உடை என்று லேபிளிலேயே காட்டும் முறை. அந்தப் படம் இருந்தால் மற்ற நம்பர்களை விட்டுவிட்டு அதை மட்டும் பாருங்கள். சர்ப்ளஸ் கடையில் வாங்கும்போது எனக்கு மிகவும் உதவுவது இதுதான்.

“175/96ஏ” என்று குளிர் ஜாக்கெட்டில் இருக்கிறதே, அது மாடல் நம்பரா?

சைஸ்தான், சீனாவின் முறை. முதல் எண் உயரம் செ.மீ.-இல். இரண்டாவது, மேல் உடையானால் மார்பு, பேண்ட்டானால் இடுப்பு. கடைசி எழுத்து உடல்வாகு: மார்புக்கும் இடுப்புக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது. ஆண்களுக்கு ஏ என்றால் 12 முதல் 16 செ.மீ. வித்தியாசம், பி, சி என்று போகப் போக இடுப்பு பருத்திருக்கும், ஒய் என்றால் மார்பு அகன்று இடுப்பு ஒடுங்கியவர். வயிறு உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே மார்பளவு இருக்கலாம் என்பதை லேபிளிலேயே ஒத்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு எழுத்து எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். தையல்காரர் கண்ணால் பார்ப்பதை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

கொரியா ஜாக்கெட்டில் 95, 100, 105 என்று இருந்தால் அது மார்பு செ.மீ.-இல்.

பனியனில் 85, பிராவில் 75. இதெல்லாம் எந்தக் கணக்கு?

பனியன் நம்பர் மார்பளவு, ஜட்டி நம்பர் இடுப்பளவு, இரண்டும் செ.மீ. 85 பனியன் மார்பு 34-க்குச் சரியாக இருக்கும், 90 என்றால் 36.

பிராவில் 75 பி என்றால் ஐரோப்பிய முறை: மார்புக்குக் கீழே, விலாவைச் சுற்றி 75 செ.மீ. நம்ம ஊரில் அதே 34 பி. பிரெஞ்சு லேபிளில் 90 பி என்று இருக்கும். 90-ஐப் பார்த்துப் பெரிது என்று ஒதுக்க வேண்டாம். இதைக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் தோள் அறுக்கும் அளவு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தயங்காமல் கேளுங்கள்.

எல்லா நாட்டுக்கும் ஒரே சைஸ் என்று வைத்துவிட்டால் என்ன?

முயன்று பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1939–40-இல் வேளாண் துறை சுமார் 15,000 பெண்களை அளந்தது. அந்த அளவுகளை அடிப்படையாக வைத்து 1958-இல் பெண்கள் உடைக்கு ஒரு தரநிலை வந்தது. உடல்வாகும் மாறியது, கம்பெனிகளும் அவரவர் வழியில் போயின, 1983-இல் அதை விலக்கிக்கொண்டார்கள். நம் நாட்டில் நிஃப்ட் என்ற தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம் ‘இந்தியாசைஸ்’ என்ற திட்டத்தில், ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனர் வைத்து அளக்கும் வேலையை எடுத்தது. நமக்கென்று ஓர் அட்டவணை அவசியம் வேண்டும் என்பது என் எண்ணம். இங்கே விற்கும் எம், எல் எல்லாம் பெரும்பாலும் வேற்று நாட்டு உடம்பை வைத்துப் போட்டவை. அதனால்தான் தோள் சரியாக இருந்தால் கை நீளம், இடுப்பு சரியாக இருந்தால் தொடை இறுக்கம்.

சைஸ் என்ற தொல்லையே தைத்த துணிக்குத்தான். வேட்டிக்கு நாலு முழம், எட்டு முழம் என்ற கணக்கோடு சரி. தோடர்களின் பூத்துக்குளி போர்வைக்கு எம்மும் கிடையாது, எல்லும் கிடையாது; பாட்டியும் போர்த்தலாம், பேரனும் போர்த்தலாம்.

குழந்தைக்கு வயது பார்த்து வாங்கலாமா?

வேண்டாம். ‘6–7 வயது’ என்று போட்டது நம் பிள்ளைக்குப் பெரிதாகவே இருக்கும். ஐரோப்பிய லேபிளில் 104, 110, 116, 122 என்று ஆறாறாக ஏறுவது குழந்தையின் உயரம், செ.மீ.-இல். அது நம்பகமானது. கதவு நிலையில் நிற்கவைத்துப் பென்சில் கோடு போட்டு அளந்துகொண்டு போங்கள். கவுனில் 22, 24, 26 என்று வரும் நம்ம ஊர் நம்பர் பெரும்பாலும் கவுனின் நீளம், இஞ்சில். சட்டைக்கு அதே நம்பர் மார்பளவாக இருக்கும். ஸ்கூல் யூனிஃபார்ம் எடுக்கும்போது கடைக்காரரிடம் இது நீளமா சுற்றளவா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மலைக் குளிருக்கு ஜெர்கின் வாங்கினால் ஒரு சைஸ் கூட எடுக்க வேண்டுமா?

உள்ளே என்ன போடுவீர்கள் என்பதைப் பொறுத்தது. சட்டை மட்டும் என்றால் உடம்பின் மார்பளவைவிட 4 இஞ்ச் கூடுதல் போதும். டிசம்பர், ஜனவரியில் புல்லில் உறைபனி விழும் காலைகளில் ஸ்வெட்டருக்கு மேல் போடுவதென்றால் 6 முதல் 8 இஞ்ச் வேண்டும். ரொம்பப் பெரிதாக எடுத்தாலும் கீழ்ப்பக்கம் காற்று புகுந்து குளிரும். வீட்டிலிருந்தே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். கையை முன்னே நீட்டி பைக் ஹேண்டில் பிடிப்பது போலப் பிடியுங்கள். மணிக்கட்டு தெரிந்தால் கை நீளம் போதாது. தோள் தையல் தோள் எலும்பில் உட்காருகிறதா என்று கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் அதை என்னால் பிறகு சரிசெய்து தர முடியாது.

துவைத்தால் எவ்வளவு சுருங்கும்?

காட்டன் முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கலாம். 30 இஞ்ச் நீள பேண்ட்டில் ஒன்று, ஒன்றரை இஞ்ச் போய்விடும். அதனால் புது காட்டன் பேண்ட்டின் நீளத்தை ஒரு முறை துவைத்த பிறகுதான் குறைக்கக் கொண்டுவாருங்கள் என்கிறேன். கம்பளி வேறு. சுடுதண்ணீரில் போட்டுக் கசக்கினால் இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடும்; எல் சைஸ் ஸ்வெட்டர் பிள்ளைக்குக்கூடப் போதாது, திரும்ப வரவும் வராது. மழைக்காலத்தில் வாரம் முழுக்கக் காயாது என்று ஈரத்தோடு கொடியில் தொங்கப் போட்டால் கனத்தில் நீண்டு தொங்கும். துண்டில் சுருட்டிப் பிழிந்து, தட்டையாக விரித்துக் காயவையுங்கள்.

ஆல்டரேஷனில் எவ்வளவு கூட்டலாம், குறைக்கலாம்?

ஃபார்மல் பேண்ட்டின் பின் நடுத்தையலில் உள்ளே துணி விட்டிருப்பார்கள். உள்பக்கம் புரட்டி அங்கே விரலால் தடவிப் பாருங்கள், மடிப்பு தட்டுப்படும். அதை வைத்து ஒன்றிலிருந்து ஒன்றரை இஞ்ச் வரை கூட்டலாம். ஜீன்ஸில் தையலை மடித்து அடித்திருப்பதால் கூட்ட இடமில்லை. பக்கத்தில் துண்டு துணி வைத்துத்தான் ஆக வேண்டும். குறைப்பது 2 இஞ்ச் வரை அழகாக வரும். அதற்கு மேல் பிடித்தால் பின்பக்கப் பாக்கெட் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். அப்படிச் செய்து கொடுக்க எனக்கு மனசு வராது. சைஸ் மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன். ரெடிமேட் ஜாக்கெட்டுக்கு, அதாவது புடவை பிளவுசுக்கு, பக்கத் தையலில் இரண்டு வரி ஓடியிருக்கும். வெளி வரியை விட்டு உள் வரியைப் பிரித்தால் அளவு கூடும்.

நான் சென்னையில் இருக்கிறேன். ஊட்டியில் இருக்கும் அம்மாவுக்கு டேப் பார்க்கத் தெரியாது. சைஸ் எப்படித் தெரிந்துகொள்வது?

நூல் போதும். அம்மாவை இடுப்பைச் சுற்றி நூல் விட்டு, முனைகள் சேரும் இடத்தில் முடிச்சுப் போடச் சொல்லுங்கள். மார்புக்கு இன்னொரு நூல், தோளிலிருந்து மணிக்கட்டு வரை மூன்றாவது. எது எதற்கு என்று மறக்காமல் இருக்க, இடுப்புக்கு ஒரு முடிச்சு, மார்புக்கு இரண்டு, கைக்கு மூன்று. ஊருக்குப் போய்வரும் யாரிடமாவது கொடுத்தனுப்பினால் நீங்கள் டேப்பில் வைத்து அளந்துகொள்ளலாம். பூக்கட்டுகிற நூல் அல்லது சணல் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்வெட்டர் பின்னும் உல்லன் நூல் வேண்டாம், அது இழுபடும்.